போர்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: சர்ஃபிங் புதியவர்களுக்கு வடிவமும் ஃபின்னும்

பயிற்சி வகுப்பு முடிந்துவிட்டது. எட்டடி ஸ்பாஞ்ச் போர்டில், அதாவது மென்மையான நுரைப் போர்டில், நுரையலை பிடித்து, பெரிதாகத் தடுமாறாமல் எழுந்து நிற்கவும் வந்துவிட்டது. அடுத்து எல்லோருக்கும் வருகிற கேள்வி ஒன்றுதான்: சொந்தமாக ஒரு போர்டு எடுக்கலாமா, எடுத்தால் எதை எடுப்பது? கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கரையில் நின்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் ஃபின்னைப் பற்றித்தான், அதாவது போர்டின் அடியில் வால் பக்கம் நீட்டி நிற்கும் துடுப்பு போன்ற தகட்டைப் பற்றித்தான் இருக்கும். மூன்று ஃபின்னா இரண்டா, கார்பனா பிளாஸ்டிக்கா, எந்தக் கம்பெனி என்று.

ஃபின் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டிய சங்கதி. உங்களைத் தாங்காத போர்டில் உலகத்திலேயே விலை கூடிய ஃபின்னை மாட்டினாலும் அலை பிடிக்க முடியாது. அதனால் இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் அளவு, பிறகு வளைவு, விளிம்பு, வால், அப்புறம்தான் ஃபின். சொல்வதெல்லாம் நம் கிழக்குக் கரை அலையை மனதில் வைத்து. இங்கே பெரும்பாலான நாட்களில் வருவது இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு, அவ்வளவு வலுவில்லாத அலை. ஹவாய் அலைக்காக யாரோ வீடியோவில் சொல்கிற யோசனை இங்கே அப்படியே ஒத்துவராது.

முதலில் எண்களைப் படியுங்கள்

ஃபைபர் போர்டாக இருந்தால் அடிப்பக்கத்தில், நடுவே ஓடும் மரப்பட்டையை ஒட்டி, பென்சிலால் எழுதிய எண்கள் தெரியும். கம்பெனி போர்டில் அச்சடித்திருப்பார்கள். 6'2" x 20½" x 2⅝", 36 லிட்டர் என்பது போல இருக்கும். முதலில் நீளம், அடுத்து இருப்பதிலேயே அகலமான இடத்தின் அகலம், மூன்றாவது தடிமன். கடைசியில் இருப்பது கொள்ளளவு. புதியவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த லிட்டர் கணக்கைத்தான்.

லிட்டர் கூடக்கூட போர்டு உங்களைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். கையால் தண்ணீரைத் தள்ளிப் போகும்போது வேகம் சீக்கிரம் கிடைக்கும், அலை உடைவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடலாம். எழுந்து நிற்க ஒன்றிரண்டு விநாடி கூடுதலாகக் கிடைக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த ஒன்றிரண்டு விநாடிதான் எல்லாமே.

தோராயமான கணக்கு இது. கற்றுக்கொள்ளும் காலத்தில் உடல் எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டராவது வேண்டும். 65 கிலோ ஆள் என்றால் 65 லிட்டருக்குக் குறையக் கூடாது. எட்டடி ஸ்பாஞ்ச் போர்டு பெரும்பாலும் 65, 70 லிட்டருக்கு மேல் வரும் என்பதால்தான் பள்ளிகளில் அதைக் கொடுக்கிறார்கள். உடையாத அலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஓட்டத் தெரிந்த பிறகு, கிலோவுக்கு 0.7 லிட்டர் வரை இறங்கலாம். அதே ஆளுக்கு 45, 46 லிட்டர். ஏழடிப் போர்டில் அது கிடைக்கும். போட்டிக்குப் போகிறவர்கள் கிலோவுக்கு 0.4 லிட்டருக்கும் கீழே ஓட்டுவார்கள். அவர்கள் தினமும் கடலில் இருப்பவர்கள். வார இறுதியில் மட்டும் ஈசிஆர் பக்கம் வருகிற நமக்கு அது கணக்கில்லை.

70 லிட்டரிலிருந்து ஒரே தாவலில் 30 லிட்டர் போர்டுக்குப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அப்படிக் குட்டையான, மெலிந்த ஷார்ட்போர்டு கையில் இருந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தண்ணீரில் போனால் காலை முழுக்க உட்கார்ந்தே இருப்பார்கள், அலை ஒவ்வொன்றாகக் கடந்து போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்று, லிட்டர் ஒன்றாக இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்பதில் வித்தியாசம் உண்டு. நெஞ்சுக்கு அடியில் தடிமனும் அகலமும் உள்ள போர்டில் கைபோட்டுப் போவது சுலபம். வால் பக்கம் அகலமாக இருந்தால் வலுவில்லாத அலையிலும் போர்டு நிற்காமல் ஓடும். நம் கரைக்கு இது இரண்டுமே வேண்டியதுதான்.

அடுத்து, வளைவு

போர்டைச் சமதளத்தில் வையுங்கள், ஃபின் இல்லாமல். பக்கத்தில் குனிந்து கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூக்கும் வாலும் தரையிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கின்றன? அந்த வளைவுக்கு ராக்கர் என்று பெயர். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதைவிட, இரண்டு போர்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தானாகவே தெரியும்.

வளைவு குறைவான போர்டு தண்ணீரில் தட்டையாகப் படியும், உராய்வு குறையும், வேகம் வரும். வளைவு அதிகமான போர்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், மெதுவாகத்தான் ஓடும். ஆனால் செங்குத்தாக எழும்பி விழுகிற அலையில் மூக்கு குத்தாமல் காப்பாற்றுவது அந்த வளைவுதான், சின்ன வட்டத்தில் திரும்பவும் அது உதவும். நம் அலை மெத்தென்று சரிந்து வருகிற ரகம். வளைவு குறைவான போர்டுதான் இங்கே பொருந்தும். வலுவான அலைக்காகச் செய்த, வாழைப்பழம் போல வளைந்த போர்டை இரண்டாவது கையில் மலிவாகக் கிடைத்தது என்று இங்கே கொண்டுவந்தால், அலை தள்ளுகிற கொஞ்ச வேகத்தையும் அந்த வளைவே தின்றுவிடும்.

அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். சில போர்டுகளில் நடுவில் லேசான குழி இருக்கும். குழி தண்ணீரை வால் நோக்கி ஒழுங்காக அனுப்பி வேகம் கொடுக்கும், போர்டைக் கொஞ்சம் தூக்கியும் விடும். சிலவற்றில் வால் அருகே நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்து போகும். அதில் ஒரு விளிம்பிலிருந்து இன்னொன்றுக்குச் சாய்வது சுலபம். புதியவருக்கு இது எதுவுமே பெரிய விஷயமில்லை, தட்டையாக இருந்தாலே போதும்.

விளிம்பும் வாலும்

விளிம்பை, அதாவது ரெயிலை, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு மூக்கிலிருந்து வால் வரை நடந்து பாருங்கள். நடுவில் உருண்டையாக இருக்கும். வால் நெருங்கும்போது அடிப்பக்கத்தில் ஒரு கூரான ஓரம் விரலில் தட்டும். தண்ணீர் எப்போதும் உருண்டையான பரப்பை ஒட்டிக்கொண்டு வளைந்து போகப் பார்க்கும். கூரான ஓரம் வந்தால் பிய்த்துக்கொண்டு விலகிவிடும். உருண்டை விளிம்பு தண்ணீருக்குள் நிதானமாக அமிழ்ந்து பிடித்துக்கொள்வதும், கூர் விளிம்பு வேகமாக விடுபடுவதும் இதனால்தான். தடிமனான, உருண்டையான விளிம்பு தவறுகளை மன்னிக்கும். மெலிந்த விளிம்பு கொஞ்சம் சாய்ந்தாலே தண்ணீரைக் கவ்விக்கொண்டு ஆளைக் கவிழ்க்கும். முதல் சொந்தப் போர்டுக்குத் தடித்த விளிம்பே சரி.

வாலில் பல வடிவம் உண்டு. கூம்பி முனையாக முடிந்தால் 'பின்' (pin), வட்டமாக முடிந்தால் ரவுண்டு, சதுரத்தின் முனைகளை மழுக்கினாற்போல் இருந்தால் ஸ்க்வாஷ், இரண்டாகப் பிரிந்திருந்தால் ஸ்வாலோ. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வாலில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பரப்பு கூடினால் சின்ன அலையிலும் வேகமும் மிதப்பும் கிடைக்கும். குறைந்தால் பெரிய அலையில் வால் தண்ணீருக்குள் அமிழ்ந்து பிடி கொடுக்கும். ஸ்க்வாஷ் அல்லது அகலமான ரவுண்டு வாலோடு ஆரம்பித்தால் வருத்தப்பட மாட்டீர்கள்.

இப்போது ஃபின்

ஃபின் என்ன செய்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு முறை கையால் உணர்ந்துவிடலாம். போர்டிலிருந்து பக்க ஃபின் ஒன்றைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உப்பலாகவும் இருக்கும். இடுப்பளவு நீரில் நின்று, அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, முன்னோரம் முன்னால் இருக்கும்படி நேராக வேகமாக இழுங்கள். நீங்கள் நேராக இழுத்தாலும் ஃபின் உப்பலான பக்கமாக நழுவப் பார்க்கும். இப்போது அதை லேசாகச் சாய்த்து இழுங்கள், அந்த விசை சட்டென்று கூடும். இன்னும் அதிகமாகச் சாய்த்தால் விசை அறுந்துபோய் வெறும் தடையும் சுழலும்தான் மிஞ்சும். அலையில் நடப்பது இதுவேதான். நீங்கள் சாய்ந்து திரும்பும்போது ஃபின் தண்ணீரைச் சாய்வாகச் சந்திக்கிறது, பக்கவாட்டில் ஒரு விசை பிறக்கிறது, வால் வழுக்காமல் நிற்கிறது, போர்டு திரும்புகிறது. அளவுக்கு மீறி உதைத்தால் அந்த விசை அறுந்து வால் சுழன்றுவிடும்.

ஃபின் இல்லாமலும் அலை ஓட்டலாம். பழைய ஹவாய் மக்கள் அலாயா என்ற மெல்லிய மரப்பலகையில் ஃபின் இல்லாமல்தான் ஓட்டினார்கள். 1935இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர், கைவிடப்பட்ட ஒரு வேகப் படகின் கீலை, அதாவது அடியில் நீட்டியிருக்கும் தகட்டை, எடுத்துத் தன் போர்டின் அடியில் பொருத்தி ஹவாயின் வைக்கீக்கி கடற்கரையில் ஓட்டிப் பார்த்தார். போர்டில் ஃபின் வந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு நெடுங்காலம் ஒற்றை ஃபின் ஆட்சிதான்.

இரட்டை ஃபின்னைப் பெரிய அளவில் பிரபலமாக்கியவர் ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன். அதே காலத்தில் அவரோடு போட்டியிட்ட சைமன் ஆண்டர்சன் ஆறடிக்கு மேல் உயரம், பாரமான உடம்பு. இரட்டை ஃபின் அவருக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. 1980இல் பின்னால் நடுவில் அதே அளவில் மூன்றாவது ஃபின் ஒன்றைச் சேர்த்தார், அதற்கு த்ரஸ்டர் என்று பெயர் வைத்தார். 1981இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச்சில் பேரலையில் நடந்த போட்டியை அதில் ஜெயித்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்று கடையில் தொங்கும் ஷார்ட்போர்டில் பெரும்பாலானவை அந்த அமைப்புதான். அவர் காப்புரிமை எடுக்கவில்லை என்பது தனிக் கதை.

இதில் நமக்கு ஒரு விஷயம் இருக்கிறது. உலக சாம்பியனுக்கு அற்புதமாக ஓடிய ஃபின் அமைப்பு, அவரைவிடப் பாரமான இன்னொரு கில்லாடிக்கு ஒத்துவரவில்லை. ஃபின் என்பது உங்கள் எடைக்கும் உங்கள் அலைக்கும் ஏற்றபடி வருவது, அடுத்தவர் போர்டைப் பார்த்து எடுப்பதல்ல.

எத்தனை ஃபின்?

ஒற்றை ஃபின்: நேராக ஓடும், நிதானமாகத் திரும்பும். ஒன்பதடி லாங்போர்டுக்கு இதுதான் இயல்பு. பழைய கணக்கு ஒன்று உண்டு, போர்டு எத்தனை அடியோ ஃபின் அத்தனை அங்குலம். ஆரம்பத்தில் அதையே வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் பெரிதாக ஒன்று, பக்கங்களில் குட்டியாக இரண்டு வைப்பதை டூ பிளஸ் ஒன் என்பார்கள். ஏழு, எட்டடி மினிமால் போர்டுக்கு நடு ஃபின் ஏழு அங்குலம் அளவில் இருந்தால் போதும். ஸ்பாஞ்ச் போர்டிலிருந்து மேலே வருகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். நேராகப் போகும்போது நடு ஃபின் போர்டை ஆடாமல் வைத்திருக்கும். திரும்பும்போது குட்டி ஃபின்கள் பிடி கொடுக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃபின்னாகவும் ஓட்டலாம்.

மூன்று ஃபின், அதாவது த்ரஸ்டர், எதற்கும் ஒத்துப்போகும். என்ன வாங்குவது என்று தெரியாவிட்டால் இதை வாங்குங்கள். இரண்டு ஃபின்னில் நடுவில் தடை இல்லாததால் வேகம் தாராளமாகக் கிடைக்கும், சின்ன அலையில் ஜாலியாக இருக்கும். ஆனால் வால் எப்போதும் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும், காலால் அடக்கத் தெரிய வேண்டும். நான்கு ஃபின்னும் வேகமானது, இரண்டைவிடப் பிடிப்பு கூடுதல். ஐந்து பெட்டி (ஃபின்னைச் செருகுகிற குழி) வைத்த போர்டு கிடைத்தால் மூன்றாகவும் நான்காகவும் மாற்றி மாட்டிப் பார்க்கலாம்.

ஃபின் அளவு, வடிவம், சரக்கு

எடையைப் பார்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளில் 55 முதல் 70 கிலோ வரை ஸ்மால், 65 முதல் 80 வரை மீடியம், 75 முதல் 90 வரை லார்ஜ் என்ற மாதிரி இருக்கும். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும், அது பிழையில்லை. 68 கிலோ ஆள் சின்ன அலைக்கு ஸ்மாலும், பிடிப்பு வேண்டுமென்றால் மீடியமும் எடுக்கலாம். புதியவர் சந்தேகம் வந்தால் பெரியதை எடுப்பதே நல்லது.

வடிவத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று. அடியகலம்: போர்டோடு ஒட்டும் பகுதி நீளமாக இருந்தால் காலை அழுத்தும்போது உந்துதல் கிடைக்கும். ஆழம்: எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு பிடிப்பு. மூன்றாவது பின்சாய்வு: நுனி பின்னால் நன்றாகச் சாய்ந்திருந்தால் அகலமான, நீளமான வளைவில் திரும்பும். நிமிர்ந்திருந்தால் டக்கென்று ஒரே இடத்தில் திரும்பும். மாமல்லபுரம் பக்கம் மணற்கரையில் உடைகிற குட்டையான அலைக்குக் கொஞ்சம் நிமிர்ந்த ஃபின் வசதி. இலங்கையின் அறுகம் குடாவில், பாயிண்டை, அதாவது கடலுக்குள் நீளும் நிலமுனையை, ஒட்டி நீண்டு ஓடுகிற வலது பக்க அலைக்குப் பின்சாய்வு உள்ளது இதமாக இருக்கும்.

பக்க ஃபின்கள் நேராக நிற்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்முனை மூக்கைப் பார்த்து லேசாக உள்ளே திரும்பியிருக்கும், நுனி வெளிப்பக்கம் சில டிகிரி சாய்ந்திருக்கும். இது இரண்டையும் போர்டு செய்கிறவர் பெட்டியைப் பதிக்கும்போதே முடிவு செய்துவிடுவார். நம்மால் மாற்ற முடியாது.

சரக்கைப் பொறுத்தவரை, போர்டோடு வருகிற பிளாஸ்டிக் ஃபின் வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு. வேகமாகத் திரும்பும்போது மட்டும் தொளதொளப்பு தெரியும். ஃபைபர் கண்ணாடியில் செய்தது விறைப்பாக இருக்கும், நுனி மட்டும் வளைந்து மீளும், அந்த மீட்சி திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஒரு உதைப்பாகக் கிடைக்கும். தேன்கூட்டுக் கண்ணறை வைத்தது எடை குறைவு. கார்பன் இன்னும் விறைப்பு. திருப்பமே சரியாக வராதவர் கார்பனுக்குச் செலவு செய்வது வீண், அந்தப் பணத்தை இன்னும் நான்கு நாள் கடலில் செலவழிக்கலாம்.

மாட்டுவது எப்படி

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பெட்டி எந்த ரகம்? எஃப்சிஎஸ் ரகத்தில் ஃபின்னின் அடியில் இரண்டு பற்கள் இருக்கும். ஃபியூச்சர்ஸ் ரகத்தில் நீளமாக ஒரே அடி. ஒன்றில் வேலை செய்வது மற்றதில் உட்காராது. எஃப்சிஎஸ் இரண்டாம் தலைமுறையில் திருகு இல்லாமல் அழுத்தியே மாட்டலாம், ஆனால் அந்த ஃபின் பழைய எஃப்சிஎஸ் ஓட்டைக்குள் போகாது. லாங்போர்டில் நீளமான காடி வைத்த யுஎஸ் பாக்ஸ் இருக்கும். இரண்டாவது கையில் போர்டு வாங்கும்போது பெட்டியைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஃபின் தேடும்போது பேச்சு மிச்சம்.

1. போர்டை மணலில் போட்டு வேலை செய்யாதீர்கள். துண்டு விரித்து அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். பெட்டிக்குள் மணல் இருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒரு மணல் துகள் போதும், ஃபின் சரியாக அமராது.

2. இடது வலது பாருங்கள். பக்க ஃபின்னின் தட்டைப் பக்கம் நடு மரப்பட்டையைப் பார்க்க வேண்டும், உப்பல் வெளியே. இரண்டு பக்கமும் உப்பலாக இருப்பது நடுவுக்கு. நான்கு ஃபின் என்றால் பெரிய ஜோடி முன்னால்.

3. பழைய எஃப்சிஎஸ் என்றால் பக்கவாட்டில் உள்ள குட்டித் திருகுகளை முதலில் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். கழன்று மணலில் விழுந்தால் போனது போனதுதான். ஃபின்னை நேராக இறக்கி, ஒவ்வொரு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஃபியூச்சர்ஸில் பின்முனையைச் சாய்வாக முதலில் நுழைத்து, முன்பக்கத்தை அமுக்கி, முன்னால் இருக்கும் ஒரே திருகை இறுக்கினால் முடிந்தது.

4. யுஎஸ் பாக்ஸில் சின்ன உலோகத் தகட்டை முதலில் காடிக்குள் விட்டு முன்பக்கம் நகர்த்த வேண்டும். பிறகு ஃபின்னின் பின்பக்க ஊசியைக் காடியின் நடுவில் உள்ள திறப்பில் இறக்கிப் பின்னால் தள்ளி, முன்பக்கத் துளை வழியே திருகைத் தகட்டில் பிடிக்க வேண்டும். தகடு காடிக்குள் ஒளிந்துகொண்டு விளையாட்டுக் காட்டும், பொறுமை வேண்டும்.

5. விரல் நுனியால் இறுக்குகிற அளவுக்கு இறுக்கினால் போதும். பலமெல்லாம் போட்டுத் திருகினால் மரை தேய்ந்துவிடும். கடைசியில் ஃபின்னைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது.

ஸ்பாஞ்ச் போர்டில் கதை வேறு. போர்டைத் துளைத்து மேற்பக்கத்திலிருந்து பெரிய பிளாஸ்டிக் திருகால் பிடித்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு ஐந்து ரூபாய் நாணயமே சாவியாகிவிடும். வாடகைப் போர்டு எடுக்கும்போது இந்தத் திருகுகளைக் கட்டாயம் பாருங்கள். நாள் முழுக்க அலையில் அடிபட்டுத் தளர்ந்தே இருக்கும்.

சோதித்துப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதுப் போர்டு, புது ஃபின், புது இடம் மூன்றையும் ஒரே காலையில் முயன்றால் எது எதனால் என்று தெரியாது. பழகிய இடத்தில், பழகிய அளவு அலையில், அதே போர்டில் ஃபின்னை மட்டும் மாற்றி ஒரு காலை ஓட்டுங்கள். கரைக்கு வந்து பழைய ஃபின்னை மாட்டி மறுபடியும் போங்கள். திரும்பப் பழையதுக்குப் போகும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

ஏதாவது சரியில்லை என்று பட்டால், ஃபின்னைக் குறை சொல்வதற்கு முன் நீங்கள் நிற்கிற இடத்தைப் பாருங்கள். பின்கால் ஃபின்களுக்கு நேர் மேலே இருந்தால்தான் அவற்றை உங்களால் ஆள முடியும். புதியவர்கள் முக்கால்வாசிப் பேர் ஓரடி முன்னால் நிற்பார்கள், "போர்டு திரும்பவே மாட்டேங்குது" என்பார்கள். காலைப் பின்னால் கொண்டுபோனதும் அதே போர்டு திரும்பும். அப்படியும் திரும்பவில்லை என்றால், யுஎஸ் பாக்ஸில் ஃபின்னை அரை அங்குலம் முன்னால் நகர்த்திப் பாருங்கள், போர்டு இளகும். பின்னால் தள்ளினால் விறைப்பாகி நேராக ஓடும். லாங்போர்டு ஓட்டுகிறவருக்குச் செலவே இல்லாத சோதனை இது.

திரும்பும்போது வால் சறுக்கிப் போனால் முதலில் ஃபின் தளர்ந்திருக்கிறதா, இடது வலது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஓர் அளவு பெரிய ஃபின். வலது பக்கம் திரும்புவதும் இடது பக்கம் திரும்புவதும் வெவ்வேறாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது உங்கள் கால் பழக்கம். வேகமாக ஓடும்போது அடியிலிருந்து "ம்ம்ம்" என்று ரீங்காரம் கேட்டால் பயப்பட வேண்டாம். ஃபின்னின் பின்னோரம் எங்கோ சிராய்ந்திருக்கும், அதனால் அதிர்கிறது. நைசான உப்புத்தாளால் அந்த ஓரத்தை லேசாகத் தேய்த்துச் சமப்படுத்தினால் நின்றுவிடும்.

மூக்கு குத்தி விழுவதற்கும் அலையே பிடிக்க முடியாததற்கும் ஃபின் காரணம் இல்லை. முன்னால் அதிகமாகப் படுத்தால் மூக்கு குத்தும், பின்னால் படுத்தால் அலை போய்விடும். இரண்டையும் சரி செய்தும் அலை தப்புகிறது என்றால் முதல் பகுதிக்குத் திரும்பிப் போய் லிட்டரைப் பாருங்கள்.

காயமும் கவனிப்பும்

சர்ஃபிங்கில் ஆளை வெட்டுவது பெரும்பாலும் ஃபின்தான், அதுவும் சொந்த ஃபின். விழுந்ததும் மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டே வாருங்கள், காலில் கட்டிய லீஷ் கயிறு இழுபட்டுப் போர்டு உங்களை நோக்கித் திரும்பி வரும். ஆரம்ப மாதங்களில் ரப்பர் ஓரம் வைத்த மென்மையான ஃபின் போட்டால் பிடிப்பில் கொஞ்சம் குறையலாம், தையல் மிச்சமாகும். புது ஃபைபர் ஃபின்னின் பின்னோரம் கத்தி மாதிரி இருந்தால் அதையும் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் குட்டித் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிடும். மாதம் ஒரு முறையாவது கழற்றி மாட்டினால் இறுகாது. பெட்டியைச் சுற்றி முடி அளவு விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் நுரைப் பகுதி ஊறிப் போர்டு கனத்துவிடும். விரிசல் தெரிந்தால் கடலுக்குப் போவதை நிறுத்தி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு அடையுங்கள். போர்டு ஈபிஎஸ் நுரையில் (தெர்மோகோல் ரகம்) செய்தது என்றால் எப்பாக்ஸி ரெசின் மட்டுமே பூச வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அந்த நுரை கரைந்துவிடும். எந்த நுரை என்று தெரியாவிட்டால் எப்பாக்ஸியே பூசுங்கள், எதற்கும் ஒத்துவரும்.

வெயிலில் நிற்கும் காருக்குள் போர்டை விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போகாதீர்கள். மே மாதத்தில், கால் வழுக்காமலிருக்க மேலே தேய்த்த மெழுகு உருகி வழிவது மட்டுமில்லை, மேல்தோல் நுரையை விட்டுப் பிரிந்து குமிழியாகிவிடும். விமானத்தில் கொண்டு போகிறீர்கள் என்றால் ஃபின்களைக் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். கூடவே ஃபின் திருகும் சாவி ஒன்று, உபரித் திருகு நான்கைந்து.

அலையில் கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வரும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். முழங்கால் ஆழம் வந்ததுமே இறங்கிவிட வேண்டும். ஃபின் மணலில் குத்தினால் சில சமயம் அது மட்டும் உடையும், புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பெட்டியோடு பெயர்ந்தால் போர்டு வாரக்கணக்கில் பழுது பார்ப்பவரிடம்தான் கிடக்கும்.